இஞ்சி தட்டிப் போட்டது

என் அம்மா இருபத்தாறு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டீ போட்டாள். கழிவறைக்கும் ஃபைல் ரூமுக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. அதற்கு பேன்ட்ரி என்று பெயர். அங்கே முப்பத்தொரு பேருக்கு முப்பத்தொரு விதமான டீ. மேனேஜருக்குப் பால், சர்க்கரை எதுவும் ஆகாது. லைட் டீயில் புதினா போட வேண்டும், ஒரு காம்பு கிடந்தாலும் கப் திரும்பி வந்துவிடும். கேஷியருக்குக் கரி மாதிரி ஸ்ட்ராங்காக. டைப்பிஸ்ட் அக்காவுக்குச் சர்க்கரை தூக்கலாக. ஆனால் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அது யார் காதுக்கும் போகக் கூடாது. எல்லாம் அம்மாவின் தலைக்குள் இருந்தது. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

வீட்டில் அப்பாவுக்கு இஞ்சி டீ. இஞ்சியைத் தட்டித்தான் போட வேண்டும். துருவிப் போட்டால் மனுஷன் வீட்டை இரண்டாக்கிவிடுவார். அவர் குடித்தது போக, பாத்திரத்தின் அடியில் நிற்கிற கால் டம்ளரை அம்மா அடுப்படியில் நின்றபடியே ஊற்றிக் குடிப்பாள். சின்ன வயசிலிருந்து நான் பார்த்தது இதுதான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அதே டீதான் ஓடியது. எனக்கும் அது பழகியிருந்தது. அம்மாவுக்கு இஞ்சி டீ என்றால் உயிர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்டேனா என்றால், கேட்கவில்லை.

நான் பிளம்பர். ஊரார் வீட்டுக் குழாயில் எங்கே அடைப்பு என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெரிய கெட்டிக்காரன். அம்மாவின் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது மட்டும் எனக்குக் கடைசிக் கட்டத்தில்தான் தெரிந்தது. புற்றுநோய். ரேடியேஷன் கொடுத்தார்கள், எங்கள் பாஷையில் கரண்ட் வைத்தார்கள். வாயிலிருந்து தொண்டை வரை வெந்து புண்ணாகிவிட்டது.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "காரம் கூடாது. ஆனா ஒரு நாளைக்கு ஒரு லிட்டராவது உள்ள போயாகணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். இல்லேன்னா மூக்கு வழியா டியூப்தான்."

அவர் நகர்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது மட்டும் வேணாம்டா. எப்பாடு பட்டாவது வாயாலயே குடிச்சுடறேன்."

பாலும் ஜூஸும் ரெண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பிடித்ததைக் கொடுத்தால் குடிப்பாள் என்று நான் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி டீ கொண்டுபோனேன். இஞ்சியை யார் காரம் என்பார்கள்? தொண்டைக்கு நல்லது என்றுதானே ஊரே சொல்கிறது? புண் ஆறட்டும் என்று ரெண்டு துண்டு கூடவே தட்டிப் போட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ரொம்ப சூடா இருக்காம்மா?"

"இல்லடா. நல்லா இருக்கு."

அரை டம்ளர் குடிப்பாள். அதற்குப் பிறகு மத்தியானம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காது. வியாழக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பிடிச்சதைக் கொண்டு வந்தாலும் அடம் பிடிச்சா நான் என்னதான் செய்யறது? டியூப் வேணாம்னு சொன்னது நீதானே!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அம்மா டம்ளரை வாங்கி மிச்சத்தையும் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை டியூப் போட்டார்கள்.

சனிக்கிழமை டைப்பிஸ்ட் அக்கா பார்க்க வந்தாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கழுவாமல் கிடந்த ஃபிளாஸ்க்கை அக்கா திறந்து மோந்து பார்த்தாள்.

"யாருக்குப்பா இஞ்சி டீ?"

"அம்மாவுக்குத்தான். அவங்களுக்கு இது இல்லாம ஆகாதே."

"என்ன சொல்றே? ஆபீஸ்ல எங்க டீ அக்காவுக்கு, உங்கம்மாவுக்கு, இஞ்சி வாசனையே ஆகாது. எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டு, மேனேஜர் டீயில ஒரு கப் எடுத்து மூடி வைப்பாங்க. நல்லா ஆறி ஜில்லுன்னு ஆனப்புறம்தான் குடிப்பாங்க. 'நாள் பூரா ஆவியில வேகறேன், குடிக்கறதும் கொதிக்கணுமா'ம்பாங்க. அந்த அஞ்சு நிமிஷம் யார் கூப்பிட்டாலும் வர மாட்டாங்க."

பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், ஆறின புதினா டீ. வெந்த தொண்டையில் அது எவ்வளவு சுகமாக இறங்கியிருக்கும்! நான் நெருப்பை ஊற்றி, குடி குடி என்று கத்தியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் புதினாவைக் காம்பு கிள்ளிப் போட்டேன். ரெண்டு தரம் வடிகட்டினேன். ஆறும் வரை பாத்திரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னாள், "டியூப்ல விடலாம். வாயில ஒரு சொட்டு கூடாது. புரையேறிடும்."

பெரிய சிரிஞ்சை டியூபில் செருகி அவள் தூக்கிப் பிடிக்க, நான் ஊற்றினேன். மஞ்சளாக மூக்குவரை இறங்கி உள்ளே போயிற்று. அம்மா சிரிஞ்சைப் பார்த்தாள், பிறகு என்னை.

"புதினாவா?" காற்றுதான் வந்தது.

"ஆமாம்மா. ஆற வெச்சுட்டேன். இஞ்சி ஆகாதுன்னு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ ஆசையா தட்டிப் போட்டுட்டு வந்தே."

சிரிஞ்ச் காலியானது. நாக்கு நுனியில்கூடப் படாமல் அவளுடைய டீ வயிற்றுக்குப் போய்விட்டது. ஃபிளாஸ்க்கை மூடும்போது, வாய் தவறி நான் கேட்டுவிட்டேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குடா" என்றாள் அம்மா.