அம்மாவின் பேச்சுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி

சனிக்கிழமைகளில் ஹட்டனில் நான் நடத்தும் பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது ஒரே கேள்விதான். எழுந்து நின்றதும் கால் நடுங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? வங்கியில் நேர்முகத்துக்குப் போகிற பையன்கள், புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியைகள், கல்யாண வீட்டில் நாலு வார்த்தை பேச ஆசைப்படும் கடைக்காரர்கள், எல்லோருக்கும் இந்தக் கவலைதான். நானும் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். இருபது பேர் முன்னால் அல்ல, இருநூறு பேர் முன்னால் நிற்கச் சொன்னாலும் இன்று எனக்குப் பயமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை. நான் முதன்முதலாகப் பயிற்சி கொடுத்த ஆளைப் பரீட்சையில் தவற வைத்தவள் நான்தான். அந்த ஆள் என் அம்மா. அப்போது எனக்கு வயது பதினொன்று.

அந்த வருடம் வலய மட்டப் பேச்சுப் போட்டியில் எனக்கு இரண்டாம் இடம் கிடைத்திருந்தது. பேச்சை எழுதியவர் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர், மனப்பாடம் செய்தவள் நான். சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதன்பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நாங்கள் குடியிருந்த லய வரிசையில் யாராவது சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால்கூட, உச்சரிப்பு சரியா என்று காது கொடுத்துக் கேட்பேன். சேர் சொல்லிக் கொடுத்த விதிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆட்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது, தலைக்கு மேலே சுவரைப் பார்க்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறந்துவிட்டதாக அர்த்தம். வீட்டுக் கதையை மேடையில் பேசுவது பெரிய குற்றம். கடைசியில் நன்றி வணக்கம் சொல்லாமல் இறங்கினால் மொத்தமும் வீண்.

வட்டவளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு பிரிவுகள். நாங்கள் இருந்தது மேல்கணக்கு. மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எதிரே இருந்தது. அதை மூடப் போகிறார்கள் என்று ஒரு நாள் கதவில் கடுதாசி ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் கீழ்க்கணக்குக் காம்பராவுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். தம்பிக்கு அப்போது எட்டு மாதம். காலை பத்து மணிக்கு அம்மா மலையிலிருந்து இறங்கி ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஓடுவார். கீழ்க்கணக்கு வரைக்கும் அப்படி ஓட முடியாது. மூடினால் வேலைக்கு நின்றுவிடுவதைத் தவிர வழியில்லை என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் தோட்ட அலுவலகமான கந்தோருக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தோட்ட முகாமையாளரான துரையிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை. கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் சிங்களத்தில் துரைக்குச் சொல்வார். புதிதாக வந்திருந்த துரைக்குத் தமிழில் வணக்கம் மட்டும்தான் தெரியும். தலைவர் அரை மணி நேரம் பேசியதைக் கணக்கப்பிள்ளை அரை நிமிடத்தில் முடித்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் துரை மடுவத்துக்கு வருகிறார், பொம்பளைகளே பேசிக்கொள்ளுங்கள் என்று தலைவர் கையை விரித்துவிட்டார்.

பெண்கள் எல்லோரும் அம்மாவைக் காட்டினார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. மலையில் அம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரைகளுக்கு எப்போதும் அடிதடி. அட்டை கடித்த கதையைக்கூட அம்மா சொன்னால் ஆறு பேர் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அதனாலேயே கங்காணி அவரை ஓரத்து நிரைக்கு மாற்றிக்கொண்டே இருப்பார். ஆனால் துரை முன்னால் பேசுவது மலையில் கதை அடிப்பது போலவா? அம்மாவுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

“நீதான் பேச்சுல பெரிய ஆளாச்சே. எனக்கும் சொல்லிக் குடு பார்ப்போம்,” என்றார்.

இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூட விடுமுறை வேறு. அன்றைக்கே கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதினேன். ‘பெருமதிப்பிற்குரிய தோட்ட முகாமையாளர் அவர்களே’ என்று தொடங்கி, ‘மழலைச் செல்வங்கள் நாளைய தலைவர்கள்’ வழியாக, ‘நன்றி வணக்கம்’ வரைக்கும் போகும். அம்மா தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் துணி அலசும்போது நான் வரி வரியாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். மழலை என்ற இடத்தில் வலது கையை உயர்த்த வேண்டும். அம்மா ஈரத் துணியோடு கையை உயர்த்துவார், தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகும்.

“நாளைய தலைவரெல்லாம் எதுக்குடி? இன்னைக்குப் பத்து மணிக்குப் பாலு குடிக்கணும். அதச் சொன்னா பத்தாதா?”

“அப்படியெல்லாம் சாதாரணமா பேசக் கூடாதும்மா. புள்ளி போயிரும்.”

“யாரு புள்ளி போடுறா அங்க?”

“நான் போடுவேன்.”

அப்பா அடக்க முடியாமல் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் விதிகளை எல்லாம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பென்சிலும் கடுதாசியுமாக மடுவத்தின் படியில் இடம் பிடித்தேன். கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே கூடி நின்றார்கள். துரை வந்து நின்றார், பக்கத்தில் கணக்கப்பிள்ளை. அம்மா முன்னால் வந்தார்.

“பெருமதிப்பிற்குரிய தோட்ட முகாமையாளர் அவர்களே!”

அற்புதம். கண் கூரைத் தகரத்தில், குரல் கணீர் என்று. நான் பத்துக்குப் பத்து போட்டேன். அடுத்தது மழலைச் செல்வங்கள். வலது கை சரியாக மேலே போனது. வார்த்தை வரவில்லை. நான் படியிலிருந்து வாயை அசைத்து அசைத்துக் காட்டினேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். உயர்த்திய கையை மெதுவாக இறக்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“ஐயா, நான் சொல்றத தொரைகிட்ட சொல்லுங்க. காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்க வரும்போது புள்ளைய இந்தா இங்க விடுறோம். பத்து மணிக்கு ஓடியாந்து பால் குடுக்குறோம். தேத்தண்ணி குடிக்கிற நேரந்தான், திரும்பவும் மலைக்குப் போயிர்றோம். கீக்கணக்குக்கு எறங்கி ஏற ஒரு மணி நேரம் வேணும், மழைன்னா அதுக்கும் மேல. புள்ளைக்குப் பால் குடுக்கவா, கொழுந்து எடுக்கவா? ரெண்டுல ஒன்னுதான் முடியும்னு சொல்லுங்க.”

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார்.

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, நான் எம்புட்டுச் சொன்னேன்? நீங்க இத்தனூண்டு சொல்லி முடிச்சிட்டீங்க. மத்ததெல்லாம் எங்கங்க போச்சு?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதற்குச் சிரிப்பு என்று துரை கேட்டார். கணக்கப்பிள்ளை நெளிந்தார். அதையும் சொல்ல வேண்டி வந்தது, விட்டதையும் சொல்ல வேண்டி வந்தது. துரை அப்போதுதான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. நல்ல பேச்சாளர் சத்தத்தை மீறிக் குரலை உயர்த்த வேண்டும் என்பது சேரின் விதி. அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார்.

“கேக்குதுங்களா? இது யாரு புள்ளன்னு தொரைகிட்ட கேளுங்க. அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.” மூன்றாம் லயத்து அக்கா ஒருவர் பக்கம் திரும்பினார். “உம் புள்ளதான். போ, போய்ப் பாரு.”

அந்த அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். அம்மா பேசவில்லை. எல்லோரும் காம்பராக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம், துரையும்கூட. நான் மனதுக்குள் விநாடிகளை எண்ணி, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அழுகை விக்கலாகி, பிறகு அடங்கியது.

“நின்னுருச்சுங்களா?” என்றார் அம்மா, முன்னைவிட மெதுவாக. “கீக்கணக்குல அழுதா எங்க காதுக்கு வராதுங்க. இந்தா படியில ஒக்காந்திருக்கா பாருங்க, எம் மூத்தவ. அவ பொறந்தப்ப இங்க காம்பரா இல்ல, கீழதான் விட்டுட்டுப் போனேன். ஒரு நா சுடுதண்ணி கொட்டி இடது காலு வெந்துபோச்சு. காலையில வெந்துச்சு. சாயங்காலம் பேர் போட்டு முடிஞ்சு நான் எறங்கிப் போறப்பதான் எனக்குத் தெரியும். அம்புட்டு நேரமும் அழுதிருக்கா. நான் மலையில சிரிச்சுப் பேசிக்கிட்டுக் கொழுந்து எடுத்திருக்கேன்.”

அவ்வளவுதான். நன்றியும் இல்லை, வணக்கமும் இல்லை. சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

இருநூறு கண்களும் என் கால் மேல். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். கணக்கப்பிள்ளை இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் ஏன் அப்படிக் கம்மியது என்று எனக்கு விளங்கவில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். துரை காம்பராவுக்குள் போய்ப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கதவில் ஒட்டியிருந்த கடுதாசியை ஆயம்மாவே கிழித்து அடுப்பில் போட்டார். காம்பரா மூடப்படவில்லை. தம்பி அங்கேயேதான் வளர்ந்தான். நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், என் பேச்சினால்தான் காம்பரா பிழைத்தது என்று சொல்லித் திரிந்தேன். ‘பெருமதிப்பிற்குரிய’ என்ற ஒரு சொல்லிலேயே துரை மயங்கிவிட்டார் என்பது என் கட்சி. பல வருடங்கள் அதை நம்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரை என்ன முடிவெடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா அடுப்படியில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன டீச்சர், எத்தனை புள்ளி?”

“நூத்துக்கு முப்பத்தெட்டு.”

“அடேயப்பா! பாஸ் இல்லியா?”

“இல்லம்மா. நாப்பது எடுக்கணும்.” கடுதாசியை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவையைப் பார்க்காமல் கணக்கப்பிள்ளையைப் பார்த்தது, நடுவில் பேசாமல் நின்றது, நன்றி சொல்லாதது. அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது இப்போது தெரிகிறது.

“அப்புறம் வீட்டுக் கதை சொன்னதுக்கு அஞ்சு.”

“எந்த வீட்டுக் கதை?”

“எங் கால் கதை. அது இல்லாட்டி நீங்க பாஸ்.”

அம்மா சிரிக்கவில்லை. தம்பியைப் பாயில் கிடத்திவிட்டு, என் இடது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். தழும்பு இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமாகியும் தலையை நிமிர்த்தவில்லை. புள்ளி குறைந்ததற்குத்தான் இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அடுத்த முறை நன்றாகப் பேசிவிடலாம், நான் சொல்லித் தருகிறேன் என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன்.