மீனம்பாள் இரண்டு முறை எழுதிய விடை

செஞ்சி ஆரம்பப் பள்ளியில் மீனம்பாள் டீச்சராகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர் சிங்கவரம் காலனி. முப்பது வயதில், வேலையை விடாமலே பி.ஏ. எழுதிவிடுவதென்று முடிவெடுத்தாள். 1966-ல் ஞாயிறுதோறும் பஸ் ஏறி விழுப்புரம் போய் டுடோரியலில் உட்கார்ந்தாள். இருபது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. முன் பெஞ்சில் இடம் பிடித்தாள்.

ஆங்கிலப் பாடத்தில் ஒரு குறுநாவல், வெள்ளைக்காரன் காலத்தது. கப்பல்காரன் ஒருவன் ஆப்பிரிக்க ஆற்றில் நீராவிப் படகில் எதிர்த்து ஏறிப் போகிற கதை. பாடம் நடத்திய அரங்கநாதன் அவளைவிட இரண்டு வயது சின்னவர். ஆறு என்றால் பாம்பு, ஆறு என்றால் இருட்டு, மனிதன் தன் மனசுக்குள் இறங்கிப் போகிற வழி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்.

மீனம்பாள் எழுந்தாள். "சார், கரையில இருக்கிற ஜனங்களுக்கு அந்த ஆறு இன்னா?"

"அவங்க பக்கத்துக் கதையை அதுல சொல்லலியே டீச்சர்."

"அதான் கேக்கறேன். படகுல விறகு தள்றவனுக்குக்கூட ஒரு பேரு இல்ல."

"பரீட்சைல அதைக் கேக்க மாட்டாங்க" என்றார் அவர்.

ஏழு வயதில் பார்த்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஐப்பசி மழையில் சங்கராபரணி கரைபுரண்டு ஓடியது. நிலம் அளக்க வந்த துரையைக் கட்டிலில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். முன்னால் அவள் அப்பா பெரியதம்பி, தாடை வரை தண்ணீரில். துரையின் பூட்ஸ் நனையவில்லை. அப்பா பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். துரை வெள்ளத்தைத் தாண்டினார் என்றுதான் ஊர் பேசியது.

பரீட்சையில் ஆற்றைப் பற்றியே கேள்வி வந்தது. ஆறு இருட்டல்ல, இருட்டு படகில் ஏறி வந்தது என்று எழுதினாள். கட்டில் தூக்கிய கதையையும் அப்பா பேரோடு எழுதினாள்.

வீட்டில் சொன்னபோது பெரியதம்பி முழித்தார். "எம்பேரை எதுக்கும்மா எழுதின?"

"நீதான நைனா தூக்கின."

நாலு மார்க்கில் தோற்றாள். நேரே அரங்கநாதனிடம் போனாள்.

"நான் எழுதினது தப்பா சார்?"

"தப்பில்ல, பாதி. அந்தக் கதைக்காரன் ஆத்தை எப்படிக் காட்டறான்னு நீங்க எழுதவே இல்ல. மூடுபனி, அசையாத தண்ணி, ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி காடு. அதையெல்லாம் அவன் எவ்வளவு நல்லா எழுதியிருக்கான். முதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் அவன்கூட சண்டை போடுங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. அந்த நாவலை இன்னும் மூன்று முறை படித்தாள். பிடிக்காத கதையில் பிடித்த பக்கங்கள் நிறைய இருந்தன. செப்டம்பரில் மறுபடி பரீட்சை எழுதினாள். முதல் இரண்டு பக்கம் கதையை எழுதியவனுக்கு, அடுத்த இரண்டு பக்கம் கரையில் நின்றவர்களுக்கு. ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

தேறிவிட்டாள். அப்புறம் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி.யும் முடித்து, 1969 ஜூனில் அனந்தபுரம் உயர்நிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியையாகப் போனாள். தலைமையாசிரியர் விநாயகம் எந்த வகுப்பு வேண்டும் என்று கேட்டார். ஒன்பதும் பத்தும் என்றாள், யோசிக்காமல்; கதையோடு சண்டை போடக் கற்கிற வயசு அது.