கடலைத் திரும்பிப் பார்த்து ஓடு

எங்கள் மாமியின் மகன் ஊடகம் படிக்கப் போன நாளிலிருந்து வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு பிடி சோறு தின்றதில்லை. வாயைத் திறந்தால் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்த மச்சான் படிப்பை முடிக்க ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு சண்டை. இடம் மருதமுனைக் கடற்கரை. அடியாட்கள் துரத்த ஓடிவரும் தங்கச்சி நான். அப்போது எனக்குப் பத்து வயது.

ஒரு கிழமையாகச் சண்டைக்குத் திட்டம் போட்டார். எந்த அடிக்கு எவன் விழவேண்டும், விழுந்தவன் எத்தனை எண்ணும்வரை எழும்பக்கூடாது என்று மணலில் கோடு கீறிப் பாடமாக்கினோம். ஆனாலும் துடுப்பை ஓங்கியவனுக்கே சிரிப்பு வந்தது.

"அடிய ஆரும் நம்பமாட்டாங்க. பயந்து ஓடுற ஆக்கள்ற முகத்தத்தான் நம்புவாங்க" என்றார் மச்சான். கடற்கரையில் விளையாடிய பிள்ளைகளையெல்லாம் சேர்த்து, என்னோடு வீடுகளுக்கு நடுவே போகும் எங்கள் ஒழுங்கைக்குள் ஓடவிட்டார். அடியாட்கள் கடல் பக்கமிருந்து வருகிறார்களாம். எனக்கு மட்டும் தனிக் கட்டளை: "கெமராவப் பார்க்காத புள்ள. கடலத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓடு."

நன்றாகத்தான் ஓடினேன். கத்தவும் செய்தேன். முதல் வீட்டு வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண் எங்கள் முகங்களைப் பார்த்தார், நாங்கள் பார்த்த திசையைப் பார்த்தார். கத்தியைப் போட்டுவிட்டு, "கடல் வருது" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. கதவுகள் திறந்தன. ஒரு மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர் போனார்கள். ஒருவர் தலையில் சவர்க்கார நுரையோடு ஓடினார். எனக்கும் கடல் வருவதாகவே தோன்றியது. நடிப்பு என்பது நினைவுக்கு வந்தபோது இன்னும் பயந்தேன். ஊரையே ஓடவைத்தது நான்.

வாசலில் உம்மா நின்றார். சொல்ல நினைத்தேன், குரல் வரவில்லை. உம்மா தலையிலிருந்த ஷோலை உருவி, ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் சுற்றி, பல்லால் இழுத்து முடிந்தார். முக்காடில்லாமல் வாசலைத் தாண்டாத உம்மா, வெறுந்தலையோடு பெரிய ரோட்டைக் கடந்து வயல்வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். கை கழன்றுவிடும்போல வலித்தது.

வரம்பில் நின்றபோதுதான் வாய் வந்தது. "உம்மா, கடல் வரல்ல. மச்சான்ட படம்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உம்மா "ஓம்" என்று தலையாட்டினார். அவ்வளவுதான்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகு ஊர் திரும்பியது. அன்று மச்சான், எந்த அடிக்கு விழவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாக விழுந்தார்.

வீட்டுக்கு வந்தும் உம்மா முடிச்சை அவிழ்க்கவில்லை. அதே கையால் அடுப்பை மூட்டினார், தேநீர் ஊற்றினார். நான் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டிருந்தேன். மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கும்போதுதான் அவிழ்த்துவிட்டார். தண்டனை என்றே நினைத்து, இனி நடிக்கமாட்டேன் என்று அழுதழுது சத்தியம் செய்தேன்.

நான் பிறக்கும் முன்னே கடல் கொண்டுபோன மூத்தவள், என் ராத்தாவைப் பற்றி எனக்குத் தெரியும். அன்று உம்மா அவளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடினார் என்பதும் தெரியும். கையால் மட்டும்தான் பிடித்திருந்தார் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.