தொட்டியில் போட்ட வெட்டிவேர்

மகன் பெங்களூரிலிருந்து பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு, "லீவுக்கு வரோம், பாப்பா பத்து நாள் அங்கதான்மா" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து இந்தத் திருப்பதி வீட்டில் நான் தனிதான். முந்தைய கோடையில் வந்தவர்கள் இரண்டாம் நாளே கிளம்பிவிட்டார்கள். மாடிக் குழாய் வெயிலில் வெடித்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா, லீவுக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கிறோம் அத்த" என்றாள் மருமகள். கெட்டவள் இல்லை. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

இந்த முறை எதுவும் உடையக் கூடாது என்று பங்குனியிலேயே இறங்கிவிட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் குழாய்க்கு எழுத்து எதற்கு? ஒழுகின டேப்புக்கெல்லாம் வாஷர் மாற்றவைத்தேன். தங்கை பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் அனுப்பிய கோணிகளைக் கிழித்து மாடிக் குழாய்களுக்குச் சுற்றினேன். அந்த மாங்காய் என்ன புளிப்பு! ஊறுகாய் போட்டும் அடங்கவில்லை. எறும்பு வேறு கோணியோடு வந்துவிட்டது. அது கிடக்கட்டும்.

மிச்சமிருந்தது தொட்டி. கறுப்புத் தொட்டி, மத்தியானம் கைவைத்தால் கொதிக்கும். குடிக்கிற பானையில் வெட்டிவேர் போடுகிறோமே, தொட்டியிலும் போட்டால் என்ன? பெரிய கட்டாக வாங்கிப் பழைய நூல் புடவைத் துண்டில் முடிந்து உள்ளே விட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு படியிறங்கினேன்.

வந்த அன்று பேத்தி கைகழுவிவிட்டு மோந்து பார்த்தாள். "ஆயா, தண்ணி வாசனையா கீது!" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் காலை டேப்பில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. பிறகு அதுவும் நின்றது. மகன் மாடியேறிப் பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர். பிளம்பரைக் கூட்டிவந்தான்.

"அவ்வா, டேங்க்ல ஏமி வேசினாவு? இன்னா போட்ட?" என்றான் அவன், பாதித் தெலுங்கில்.

"வெட்டிவேரு, நைனா."

"பைப்புக்கு இன்னா ஜொரமா? கஷாயம் வெச்சிக் குடுத்துக்கினு கீற!"

நானும் சிரித்தேன். மருமகள் சிரிக்கவில்லை. துணி கிழிந்து, வேரெல்லாம் சுவருக்குள்ளே குழாய் திரும்புகிற இடங்களில் போய்ச் சிக்கியிருந்தது. மூன்று இடத்தில் சுவரை உடைக்கணும், ரெண்டு நாளாகும் என்றான் பிளம்பர்.

மருமகள் குழந்தையின் கவுன்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மேல தண்ணி நெறைய கீது கண்ணு. பக்கெட்ல நான் மொண்டாந்து தரேன்."

"ஒங்க முட்டிவலிய வெச்சிக்கினு மாடி ஏறி எறங்குவீங்களா? வேணாம் அத்த."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அன்பாகச் சொன்னாள். மகன் என் முகத்தைப் பார்க்காமலே பையைத் தூக்கிக்கொண்டான். மத்தியானப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் எந்தக் கோடைக்கும் அவர்கள் இங்கே வரவில்லை.

பிளம்பர் சொன்னபடி ரெண்டு நாள் சுவரைக் கொத்தினான். கொத்துக் கொத்தாக வேரை இழுத்துப் போட்டான்.

"அவ்வா, ரா! வந்து தொறந்து பாரு, தண்ணி எப்டி அடிக்குதுன்னு!"

"நீயே தொறந்து பாரு நைனா" என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.