பதினாறாவது இதழ்

“…தெரியும் புள்ள. அந்த ஊசி ஒன்கிட்டதான் இருக்குன்னு அன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும்,” என்றாள் பாக்கியம் அக்கா.

போன வாரம் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், அக்கா வீட்டு முன்னறையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். அழுதுகொண்டே நான் சொல்லத் தொடங்கிய ஒன்றை அவள் பாதியிலேயே முடித்து வைத்துவிட்டாள். இருபது வருடத்துக்கும் மேலாக நான் ஒளித்து வைத்திருந்தது ஒரு குண்டூசி. ஒரு குண்டூசிக்கா இந்தப் பாடு என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் வருவதற்குள் பஸ் வந்துவிடும், இல்லாவிட்டால் சோறு பொங்கிவிடும்.

சாமான் கட்டுவது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா வீடு மலைச்சரிவில் இருக்கிறது. இந்த முறை பெய்த மழையில் பின்பக்க மேட்டில் ஒரு வெடிப்பு ஓடிவிட்டது. கையை விட்டால் முழங்கை வரை போகிறது. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்பாக ஒரு குறி போட்டு, இனி இங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பல்லேகலையில் அக்காவின் ஒன்றுவிட்ட தங்கச்சி மகள் வாடகைக்கு இருக்கிறாள். அங்கே அக்காவுக்கு ஓர் அறை. அக்கா யாரையும் திட்டவில்லை. “மலையும் பாவம், எத்தன காலந்தான் ஒரே பக்கமா படுத்திருக்கும்?” என்றாள். எதற்கும் அவளிடம் ஒரு சொல் இருக்கும். அவள் சிந்தியதைப் பொறுக்கித்தான் நான் பேசவே கற்றுக்கொண்டேன்.

கடைசியாக அலுமாரியின் மேலிருந்து, அக்கா விரிப்புகளுக்கு ஊசி குத்திக் காயவிடும் பலகையை இறக்கினோம். சுற்றியிருந்த பழைய வேட்டியைப் பிரித்ததும் கற்பூர வாசம் எழுந்தது. அதற்கு அடியில், லேசாக, புளித்த கஞ்சியின் வாசம்.

எங்கள் வீட்டில் சவ்வரிசிப் பாயசம் கிடையாது. பிள்ளைகள் என்னைக் கருமி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைக்கட்டும். சவ்வரிசி கொதித்துக் கண்ணாடியாகிற நேரத்தில் ஒரு வாசம் வரும் பாருங்கள், அது வந்தால் எனக்கு அந்த வியாழக்கிழமை வந்துவிடும். பிறகு கரண்டியைப் பிடிக்க முடியாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் வந்துபோக முடியாதென்று அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தேன். அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல, தூரத்து உறவு; புருஷனை இழந்தவள். வீட்டில் அவளும், அவளுடைய தம்பி சேகர் அண்ணனும், நானும். சேகர் அண்ணன் டவுனில் ஒரு படிக்கட்டுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி போட்டுக் கடிகாரம் திருத்துகிறவர். என்னை ‘கவுண்டர் மகாராணி’ என்பார். “மகாராணி இன்னைக்கு எத்தன முழம் துணி கிழிச்சீங்க?” என்று கேட்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார்.

அக்கா கொக்கி ஊசியால் வெள்ளை நூலில் விரிப்புப் பின்னுவாள். கதிரையின் முதுகுக்கு, கைக்கு, நடு மேசைக்கு. பின்னி முடித்த விரிப்பை நீங்கள் பார்த்தால் இதற்காகவா இத்தனை நாள் என்பீர்கள். பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கும். அதை மனிதர் முன்னால் வைக்கிற மாதிரி ஆக்குவதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. சவ்வரிசியைக் காய்ச்சி வடிகட்டி, சூடு ஆறியதும் விரிப்பை அதில் முக்கி, துவாயில் ஒற்றி, ஈரமாகவே பலகையில் போட்டு, பூப்போலச் சுற்றியிருக்கும் ஓரத்தை ஒவ்வொரு இதழாக இழுத்து ஊசி குத்தி, அப்படியே காயவிட வேண்டும். பலகை என்பது தேயிலைப் பெட்டியின் மூடி. அதன்மேல் மடித்த கம்பளி, அதற்கும் மேலே வெள்ளைத் துணி, துணியில் பென்சிலால் ஒரு வட்டமும் பதினாறு கோடுகளும். “நனஞ்சு கெடக்கையில எல்லாம் ஒண்ணுதான் புள்ள. காயும்போதுதான் எது நேரு, எது கோணல்னு தெரியும்,” என்பாள்.

ஏன் பதினாறு? பெரிய கலைக் காரணமெல்லாம் இல்லை. அவளிடம் இருந்த பித்தளைக் குண்டூசிகள் பதினாறு. கண்டி ஈரத்தில் இரும்பு ஊசி ஒரே இரவில் துருப்பிடித்து நூலில் கறை ஏற்றிவிடும். அந்தக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அதனால் பித்தளை. ஊசி பதினாறு என்றால் இதழும் பதினாறு. இருமல் மிட்டாய் வந்த தகர டப்பாவில் அவற்றைப் போட்டு வைத்திருந்தாள். அந்த டப்பாவை யாரும் தொடக்கூடாது. “எண்ணிக் குத்து, எண்ணிப் புடுங்கு. ஒண்ணு தப்பிக் கதிரையில கெடந்தா, வந்தவன் எந்திரிச்சு நின்னுதான் டீ குடிப்பான்.”

அந்த வாரம் சேகர் அண்ணனுக்குப் பெண் பேசி, ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் சனத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பதைவிட மாப்பிள்ளையின் கதிரையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அக்கா மூன்று மாதமாகப் பின்னியவற்றில் நடு மேசையின் பெரிய விரிப்பு மட்டும் பாக்கி. வியாழக்கிழமை விடியற்காலையில் அதைக் கஞ்சியில் முக்கினாள். அன்று அண்ணன் கடிகாரச் சாமான் வாங்கக் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டும். சனிக்கிழமை திரும்பிவிடுவார். போகுமுன் ஊசி குத்திக் கொடுப்பது அவர் வேலை. அந்த விரல்களுக்கு மயிரிழை பிசகாது.

பின்னறையில் நான் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். கடையில் தோள்மடிப்பு கலைந்தால் மேற்பார்வைக்காரம்மா வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பார். அன்று பார்த்து என் ஊக்கு உடைந்துவிட்டது. டப்பா அலுமாரித் தட்டில் இருந்தது. ஒன்றே ஒன்றை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டேன். சாயங்காலம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். திருடுகிறவர்கள் எல்லாரும் சாயங்காலத்தைத்தான் நம்புகிறார்கள்.

சற்று நேரத்தில் முன்னறையிலிருந்து குரல் கேட்டது.

“அக்கா, பதினாறு எதழுக்குப் பதிலா பன்னெண்டு போட்டிருந்தா கண்ண மூடிட்டுக் குத்தியிருப்பேன். பதினாறு மணின்னு எந்தக் கடிகாரத்துல இருக்கு?”

“வாய மூடிட்டுக் குத்துடா. ரயிலு போயிரும்.”

“குத்தியாச்சு. ஒரு ஊசி கொறையுது.”

“நல்லா எண்ணு.”

“எண்ணத் தெரியாமயா கடிகாரம் பாக்கிறேன்?”

நான் வெளியே வந்தேன். சொல்லியிருக்கலாம். ‘இந்தாங்க’ என்று கழற்றிக் கொடுத்திருக்கலாம். மடிப்பை மறுபடி எடுக்க ஐந்து நிமிடம். ஆனால் நேரம் போய்விட்டது, அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. நான் வாசலில் நின்று செருப்பைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன். செருப்பு காலில்தான் இருந்தது.

“இரும்பு ஊசி குத்தவா?” என்று அக்கா கேட்டாள்.

“வேணாம், கறையாயிரும். பொண்ணு வீட்டுக்காரங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க. கொழும்புல ஒரு பொட்டி பித்தள ஊசி வாங்கிட்டு வர்றேன். அந்த ஒத்த எதழ நீ தொடாத, நான் வந்து நனச்சுக் குத்துறேன்.”

அவரும் நானும் ஒன்றாகத்தான் படிகளில் இறங்கினோம். கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “மகாராணி, இன்னைக்கு மடிப்பு கலையாது போல,” என்றார். அவ்வளவுதான். கண்டுபிடித்துவிட்டாரா, சும்மா சொன்னாரா என்று இத்தனை வருடமாக அந்த ஒரு வரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்து கதிரைகளில் உட்கார்ந்து, டீ குடித்து, விரிப்பு இல்லாத நடு மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை. திங்கட்கிழமை அக்கா கொழும்புக்குப் போனாள். அது யுத்த காலம், எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெயரை இரண்டு தடவை கேட்கிற காலம். அவர் தங்கியிருந்த இடத்தில் ஒன்றுதான் சொன்னார்கள். வெள்ளிக்கிழமையே அவருடைய வேலையெல்லாம் முடிந்துவிட்டதாம். சனிக்கிழமை காலையில், ஒரு சாமான் மட்டும் வாங்க வேண்டும் என்று வெளியே போனாராம். திரும்பவில்லை.

என்ன சாமான் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று எனக்குப் பயம்.

அக்கா ஏறாத வாசல் இல்லை. ஆளைப் பற்றிய தகவல் எங்குமே இல்லை. பல வருடம் கழித்து, இனி அவர் இல்லை என்று ஒரு பத்திரம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டவர்களிடம், “அவன் வேல பாதியில கெடக்கு சார். வந்து முடிப்பான்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அந்தப் பலகை அப்படியே இருந்தது. மாசி வெயிலில் வெளியே எடுப்பாள். பதினைந்து இதழ்களுக்கும் புதுக் கஞ்சியை விரலால் தொட்டுத் தடவுவாள். பதினாறாவதை மட்டும் தொடமாட்டாள். அது ஊசியில்லாமல் காய்ந்து, மூடின கை மாதிரி உள்ளே சுருண்டிருந்தது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அலுமாரிப் பக்கம் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

ஊசியை டப்பாவில் திரும்பப் போட முடியவில்லை. போட்டால், எங்கிருந்து வந்தது? கைப்பையின் உள்துணியில் குத்தி வைத்தேன். கலியாணமாகிப் பேராதனைக்கு வந்தேன். பை கிழிந்தால் புதுப் பைக்கு ஊசியும் வீடு மாறும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து வைப்பேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அதனால்தான் போன வாரம் பலகையைப் பிரித்ததும் நான் உடைந்துபோனேன். “அக்கா, அந்த ஊசி…” என்று தொடங்கினேன். அப்போதுதான் அவள், தெரியும் என்றாள்.

“ஏங்க்கா கேக்கல?”

“ஒன் தோள்லதான் மின்னுச்சே. நான் வாயத் தொறக்கப் போனேன். அவன் கண்ணக் காட்டிட்டான், விடுக்கா, பாவம்னு.” பழைய வேட்டியை எடுத்து மடித்தாள். “பொறகு கேட்டிருந்தா, நீ தாங்கியிருக்க மாட்ட. எனக்கும் வேற யாரு இருந்தா?”

பையைத் திறந்து ஊசியை எடுத்தேன். என் கையிலிருந்தது புதிதுபோல மஞ்சளாக இருந்தது. பலகையில் இருந்த பதினைந்தும் பச்சை பூத்திருந்தன. பித்தளையும் காலத்துக்குத் தப்பாது போலிருக்கிறது.

அந்தப் படிக்கட்டுக்குக் கீழே இப்போது போன் கவர் விற்கிறார்கள். தேயிலை காகிதப் பையில் போகிறது, பெட்டியும் இல்லை மூடியும் இல்லை. நான் வேலை செய்த துணிக்கடை இருந்த இடத்தை என் மகளுக்குக் காட்டப் போய், இரண்டு தரம் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த மழைக்கு இந்த முன்னறையும் இருக்காது.

அக்கா கீழே உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த கோப்பைத் தண்ணீரில் விரலை நனைத்து, அந்தச் சுருண்ட இதழின்மேல் வைத்தாள். கஞ்சி இளகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக விரித்து, பென்சில் கோட்டுக்கு நேராக இழுத்துப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் மற்றக் கையை நீட்டினாள். கொடுத்தேன். குத்தினாள். குத்திவிட்டு, மேலே இருந்த முதல் ஊசியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக விரல் வைத்து, வாய்விட்டு எண்ணினாள்.