வேலையை விட்ட வெள்ளிக்கிழமை

எங்கள் மேனேஜர் நாசமாய்ப் போகவேண்டும் என்று மகாலிங்கசாமி சன்னதியில் நின்றே வேண்டியிருக்கிறேன்.

திருவிடைமருதூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் எடையும் பில்லும் ஓடுகிற யூனிக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலுள்ள மென்பொருள்களின் தொகுப்பை, போர்ட்ஸ் ட்ரீ என்பார்கள், வெள்ளிக்கிழமைதோறும் அப்டேட் செய்வேன். மாசக்கணக்கில் விட்டுவிட்டு மொத்தமாக மாற்றினால் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு விழும்.

“ஓடுற மெஷினைச் சும்மா நோண்டுறதுக்கா உனக்குச் சம்பளம்?” என்று ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் கேட்டார் அவர். அன்றைக்கே வேலையை விட்டேன்.

எனக்குப் பதிலாக வந்த கூத்தாநல்லூர்ப் பெண் ஷாஹினா போனில் விவரம் கேட்டபோது, அப்டேட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. சம்பா அறுவடையில் நெல் டிராக்டர்கள் வாசலில் வரிசைகட்டும்போது சர்வர் படுக்கும், அந்த ஆள் என்னிடம் வந்து கெஞ்சுவார் என்று காத்திருந்தேன்.

அறுவடை மும்முரத்தில் ஷாஹினா கூப்பிட்டாள். சர்வர் படுத்துவிட்டது என்று முதல் ரிங்கிலேயே எடுத்தேன்.

“அக்கா, சர்வர் ஒரு தடவைகூட நிக்கலைன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினாருக்கா. அது உங்களுக்குத்தான் சேரணும். நீங்க அடிச்ச கமாண்டெல்லாம் சர்வர்ல தேதியோட அப்படியே பதிவாயிருக்கு. வெள்ளிக்கிழமையானா அப்டேட். வேலையை விட்ட அன்னிக்குக்கூட பண்ணிட்டுத்தான் போயிருக்கீங்க! அதைப் பாத்துத்தான் நானும் விடாம பண்றேன்.”

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அன்று அழுதுகொண்டே பையை எடுக்குமுன், கை அதுபாட்டுக்கு அந்தக் கமாண்டை அடித்திருந்தது.

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் விரல்களையும்தான்.