கண்ணை மூடிப் பார்த்த மாட்டு டொக்டர்

எங்கடை பசு கன்று போட்ட மூன்றாம் நாள் அந்த மாட்டு டொக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மெலிந்த மனிதர், நரைத்த மீசை.

கன்று பிறந்ததிலிருந்து சாணி போடவில்லை. வயிறு ஊதிக்கொண்டு வந்தது. கன்று போட்டதும் சுரக்கிற கடும்புப் பால் உள்ளே கட்டிவிட்டதாக்கும் என்று நான் ஆமணக்கெண்ணெய் பருக்கியிருந்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கன்றின் வயிற்றைக் குலுக்கி, குழாய் வைத்துக் கேட்டார். கோயிலில் நிற்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். வெள்ளைச் சளிதான் வந்தது.

"பின்வாசல் இருக்கு அம்மா. உள்ளை குடல் ஓரிடத்திலை மூடிக் கிடக்குது."

"நான் பருக்கின எண்ணெயாலையோ ஐயா?"

"சீச்சீ, தாயின்ரை வயித்துக்கை இருக்கேக்கையே வந்தது. வயித்தை வெட்டித் தைச்சாலும் உது தாங்காது."

"அப்ப பால் குடுக்கிறதோ?"

"குடிச்சால் இன்னும் ஊதும்" என்றவர், தானே கயிற்றை அவிழ்த்துக் கன்றைத் தாயின் மடியடியில் விட்டார். அது மெல்ல வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது. அவர் அதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி நின்றார்.

அன்று பின்னேரமே கன்று செத்துப்போனது.

ஊதும் என்று சொன்னவர் ஏன் குடிக்க விட்டார்? அது வைத்தியமோ, இரக்கமோ? இப்பவும் பால் கறக்கேக்கை அதைத்தான் யோசிக்கிறேன்.